ஷோர்வால் பதிப்பை உயர்த்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு நாள் இரவு ஒன்பது மணி. என்னிடம் வேலை பழகும் தம்பி போன் எடுத்தான். “அண்ணே, ரீஸ்டார்ட் குடுத்தேன். அப்படியே நின்னிருச்சு. எஸ்எஸ்எச் வரவே மாட்டேங்குது.” எஸ்எஸ்எச் என்பது தூரத்திலிருக்கும் கணினிக்குள் நுழையும் வழி. அவன் ஹட்டனில் அறையில் இருக்கிறான். பெட்டி, அதாவது ஃபயர்வால் ஓடும் கணினி, இருப்பது நோர்வூட் பக்கம், ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் ஆபீஸில். டெபியன் லினக்ஸ் 8இலிருந்து 9க்குப் போனாயா என்று கேட்டேன். ஆமாம் என்றான். பல வருடங்களுக்கு முன் நான் விழுந்த அதே குழி.

இங்கே தோட்ட ஆபீஸ்களிலும் சின்ன ஹோட்டல்களிலும், உள்ளே வெளியே போகும் இணையப் போக்குவரத்தைக் காவல் காக்கும் ஃபயர்வால் என்றால் பெரும்பாலும் ஒரு பழைய கணினி. இரண்டு நெட்வொர்க் கார்டு, டெபியன், அதன் மேல் ஷோர்வால். ஓடுகிறவரை யாரும் தொடுவதில்லை. அதனால்தான் இன்னும் 4.6 பதிப்பில் நிற்கும் பெட்டிகள் கண்ணில் படுகின்றன. அவற்றை ஒரு நாள் உயர்த்தத்தான் வேண்டும். பேக்கப் எடுங்கள், வெளியீட்டுக் குறிப்பைப் படியுங்கள் என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தவர்களே மாட்டிக்கொள்ளும் இடங்களைப் பற்றித்தான் இது.

ரீஸ்டார்ட் என்றால் பழைய ரீஸ்டார்ட்தான் என்று நம்புவது

ஷோர்வால் தானே ஃபயர்வால் அல்ல. நாம் எழுதிவைத்த கோப்புகளைப் படித்து, லினக்ஸின் ஐபிடேபிள்ஸ் விதிகளாக மாற்றி, இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் கொடுக்கிறது. அதோடு அதன் வேலை முடிந்தது. 4.6 வரை ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால், ஓடிக்கொண்டிருக்கும் விதிகளின் இடத்தில் புதிய விதிகள் வந்து உட்காரும். நடுவில் நிற்பது என்ற நிலையே இல்லை. 2015இல் வந்த 5.0 அந்தச் சொல்லின் பொருளை மாற்றிவிட்டது. இப்போது ரீஸ்டார்ட் என்றால் உண்மையாகவே நிறுத்திவிட்டுத் திரும்பத் தொடங்குவது. பழைய ரீஸ்டார்ட் செய்த வேலை ‘ரீலோட்’ என்ற பெயருக்குப் போனது.

இன்னொரு சிக்கலும் உண்டு. 4.6இலும் ரீலோட் என்று ஒரு கட்டளை இருந்தது. அது வேறு வேலைக்கானது: ஒரு கணினியில் விதிகளைத் தயார் செய்து தொலைவிலுள்ள ஃபயர்வாலுக்கு அனுப்புவது. 5.0இல் அதன் பெயர் ‘ரிமோட்’ என்ற முன்னொட்டோடு மாறிவிட்டது. ஆக, பழகிய இரண்டு சொற்களும் இடம் மாறிவிட்டன. கை பழக்கத்தில் தட்டச்சு செய்கிறது, பெட்டி வேறு வேலை செய்கிறது.

அடுத்தது, ‘ஸ்டாப்’ என்றால் என்ன என்பது. ஃபயர்வாலை நிறுத்தினால் எல்லாம் திறந்துவிடும் என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். ஷோர்வாலில் அது தலைகீழ். நிறுத்தினால் மூடிக்கொள்ளும். யாருக்கு மட்டும் வழிவிட வேண்டும் என்று ஒரு தனிக் கோப்பில் எழுதியிருப்போம். முன்பு அது ‘ரூட்ஸ்டாப்ட்’. இப்போது அதன் இடத்தில் ‘ஸ்டாப்ட்ரூல்ஸ்’. பழையதைப் புதியதாக மாற்றித் தருவது ‘ஷோர்வால் அப்டேட்’ கட்டளை. அதை ஓட்டாமல் விட்டால், நிறுத்தியபின் உள்ளே வர உங்களுக்கே வழி இருக்காது.

எனக்கு நடந்தது இது. மஸ்கெலியா பக்கம் ஒரு தோட்ட ஆபீஸ். போயா தினம், ஆபீஸ் பூட்டு, யாருக்கும் தொந்தரவு இல்லை என்று நானே அந்த நாளைத் தேர்ந்தெடுத்தேன். ஹட்டனில் இருந்தபடி பேக்கேஜ்களை உயர்த்தினேன். கோப்புகளைச் சோதிக்கும் ‘செக்’ கொடுத்தேன், பிழை ஒன்றும் இல்லை. நிம்மதியாக ரீஸ்டார்ட் கொடுத்தேன். திரை உறைந்தது. அரை மணி நேரம் திரும்பத் திரும்ப முயன்றேன். பெட்டி உயிரோடு இருந்தது, ஆனால் எனக்குக் கதவைத் திறக்கவில்லை.

செக் சரி என்று சொன்னது எப்படித் தோற்றது? அதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. விதிகளில் ஒரு இடத்தில் கொழும்பிலிருந்த ஒரு சேவரை ஐபி எண்ணால் எழுதாமல் பெயரால் எழுதியிருந்தோம். செக் ஓடும்போது ஃபயர்வால் வேலை செய்துகொண்டிருந்தது, பெயருக்கு ஐபி எண் தரும் டிஎன்எஸ் பதில் தந்தது, எல்லாம் சரி. பழைய ரீஸ்டார்ட்டிலும் அப்படியே, ஓடும் விதிகள் டிஎன்எஸ்ஸுக்கு வழிவிட்டுக்கொண்டே இருக்கும். புதிய ரீஸ்டார்ட் முதலில் நிறுத்துகிறது. அந்தப் பெட்டியில் ‘அட்மின்இஸ்ஆப்சென்ட்மைண்டட்’ என்ற தெரிவு ‘நோ’ என்று இருந்தது. அது ‘யெஸ்’ என்றிருந்தால் நிறுத்தும்போதும் ஏற்கனவே திறந்திருந்த என் இணைப்பு அறுந்திருக்காது, பெட்டியிலிருந்து வெளியே போகும் கேள்விகளும் போயிருக்கும். ‘நோ’ என்பதால் டிஎன்எஸ்ஸும் மூடிக்கொண்டது. பெயருக்கு எண் கிடைக்கவில்லை, விதியை ஏற்ற முடியவில்லை, தொடக்கம் பாதியில் முறிந்தது. நிறுத்திய நிலையிலேயே நின்றுவிட்டது. ஸ்டாப்ட்ரூல்ஸ் கோப்போ பிறக்கவே இல்லை.

அது சிவனொளிபாதமலை பருவகாலம், அதிலும் பௌர்ணமி. ஹட்டனிலிருந்து நல்லதண்ணி பக்கம் போகிற பஸ்ஸெல்லாம் யாத்திரிகர்கள். எப்படியோ தொற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தால், ஆபீஸ் சாவி ஊருக்குப் போயிருந்த கிளாக்கர் ஐயாவிடம். அவர் மறுநாள் மதியம்தான் வந்தார். அன்று காலை கொழும்புக்குப் போயிருக்க வேண்டிய சம்பளப் பட்டியல் போகவில்லை. அந்தத் தோட்டத்தில் சம்பளம் ஒரு நாள் தள்ளிப்போனது. மலையில் நாள் முழுக்கக் கொழுந்து பறித்தவர்களுக்கு, கடைக் கணக்கை அன்று தீர்க்க வேண்டியவர்களுக்கு, ஒரு நாள் என்பது ஒரு நாள் மட்டும் இல்லை. அந்தப் பெண்கள் ஆபீஸ் வாசலில் வந்து கேட்டுவிட்டுத் திரும்பிப் போனதை நான் உள்ளே இருந்து பார்த்தேன். இன்றைக்கும் யாராவது அலட்சியமாக ரீஸ்டார்ட் தட்டுவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

இதைத் தவிர்க்க நான் இப்போது போகும் வரிசை இது. எதையும் தொடும் முன் பழைய பதிப்பிலேயே ‘ஷோர்வால் சேவ்’. இது ஒன்று செய்திருந்தால், தொடக்கம் தோற்றாலும் சேமித்த விதிகளை ஷோர்வால் தானே திரும்ப ஏற்றிவிடும். அப்புறம் பேக்கேஜ்களை உயர்த்துவது. அப்புறம் ‘அப்டேட்’. அது என்ன மாற்றியது என்று ஒவ்வொரு கோப்பாகப் படிக்க வேண்டும். ‘டிசிரூல்ஸ்’ போய் ‘மாங்கிள்’ வந்திருக்கும், ‘பிளாக்லிஸ்ட்’ போய் ‘பிஎல்ரூல்ஸ்’, 5.0இன் பிந்தைய வெளியீடுகளில் ‘மாஸ்க்’ போய் ‘எஸ்நாட்’. ஸ்டாப்ட்ரூல்ஸில் உங்கள் சொந்த முகவரி இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். விதிகளில் பெயர்கள் இருந்தால் எண்ணாக மாற்றுங்கள். பிறகு செக். பிறகு ‘சேஃப்-ரீலோட்’. அது புதிய விதிகளை ஏற்றிவிட்டு, இப்படியே வைக்கவா என்று கேட்கும். 60 விநாடிக்குள் நீங்கள் பதில் சொல்லாவிட்டால், அதாவது உங்களால் பதில் சொல்ல முடியாத நிலை வந்துவிட்டால், பழையதற்குத் திரும்பிவிடும்.

கை பழக்கத்தை மாற்ற முடியாது என்கிறவர்களுக்கு இன்னொரு வழி: ஷோர்வால் அமைப்புக் கோப்பில் ‘ரீஸ்டார்ட்’ என்றே ஒரு தெரிவு இருக்கிறது. அதன் மதிப்பை ‘ரீலோட்’ ஆக்கினால் ரீஸ்டார்ட் பழையபடி நடந்துகொள்ளும். நான் பார்க்கும் பெட்டிகள் எல்லாவற்றிலும் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

கோப்பைப் பற்றிய கேள்விக்குப் படிக்காமல் ‘ஒய்’ அழுத்துவது

பேக்கேஜை உயர்த்தும்போது டெபியன் நடுவில் நிறுத்திக் கேட்கும்: நீங்கள் மாற்றிய கோப்பை வைத்துக்கொள்ளவா, பேக்கேஜோடு வந்ததைப் போடவா? எதுவும் எழுதாமல் என்டர் தட்டினால் உங்களுடையதுதான் இருக்கும். ‘ஒய்’ என்றால் உங்களுடையது போய்விடும், ‘டிபிகேஜி-ஓல்ட்’ என்ற பின்னொட்டோடு ஓரமாகக் கிடக்கும். இப்படிப் போட்டுவிட்டு ஒரு பையன் கேட்டான், பெட்டியிலிருந்து பிங் போகிறது, பின்னாலிருக்கும் கணினிகளுக்கு மட்டும் இணையம் இல்லையே என்று. ஒரு கார்டிலிருந்து மற்றதற்குப் போக்குவரத்தைக் கடத்திவிடும் ‘ஐபி ஃபார்வர்டிங்’ மதிப்பு மாறிப்போயிருந்தது.

ரீபூட்டை நாளைக்குத் தள்ளுவது

உயர்த்திய பின் ஃபயர்வால் நன்றாக ஓடுகிறது என்றால், அது பழைய கெர்னலில் ஓடுகிறது என்றுதான் பொருள். டெபியன் 8இல் 3.16 கெர்னல், 9இல் 4.9. இடையில் 3.17இலேயே ‘யூலாக்’ நீக்கப்பட்டுவிட்டது. பதிவுகளை யூலாக் வழியாக எழுதிய பழைய விதிகளை ‘என்எஃப்லாக்’குக்கு மாற்றாமல் விட்டால், இன்று ஓடும் ஃபயர்வால் அடுத்த முறை கரண்ட் போய் வரும்போது எழும்பாது. ஆடி மாதத்துக் காற்றில் எங்கள் பக்கம் கரண்ட் எத்தனை முறை போகும் என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே ரீபூட் செய்து பார்த்துவிடுங்கள்.

இரண்டு ஐபிடேபிள்ஸ் இருப்பதை அறியாமல் இருப்பது

டெபியன் 10 (2019) முதல் ஐபிடேபிள்ஸ் என்று தட்டினால், உள்ளே விதிகள் கெர்னலின் புதிய முறையான என்எஃப்டேபிள்ஸ் வழியாகத்தான் போகின்றன. பழைய முறையும் ‘ஐபிடேபிள்ஸ்-லெகசி’ என்ற பெயரில் கூடவே இருக்கிறது. ஒரு மென்பொருள் இதிலும் இன்னொன்று அதிலும் எழுதினால், இரண்டு விதித் தொகுப்புகளும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். நீங்கள் பட்டியலில் பார்ப்பது ஒன்றை மட்டும். வழிவிடு என்று இங்கே எழுதியிருந்தும் தகவல் பொதி எங்கோ தடுக்கப்பட்டால், லெகசி பட்டியலையும் எடுத்துப் பாருங்கள். எது ஓடுகிறது என்று அறிய ஐபிடேபிள்ஸின் பதிப்பைக் கேட்டால் போதும், எண்ணுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கும்.

8இலிருந்து நேரே 10க்குத் தாவுவது

டெபியன் அதை ஆதரிப்பதில்லை. 9இல் ஏறி இறங்கித்தான் போக வேண்டும்.

ஐபிவி6ஐ மறப்பது

ஐபிவி6 என்ற புதிய முகவரி முறைக்கு ஷோர்வால்6 தனி. செக், அப்டேட், சேவ் எல்லாம் அதற்கும் தனியாக.

டிமக்ஸ் இல்லாமல் தொடங்குவது

செய்யாதீர்கள். டிமக்ஸுக்குள் தொடங்கினால், உங்கள் இணைப்பு அறுந்தாலும் ஓடும் வேலை பாதியில் நிற்காது.

ஷோர்வாலுக்கு எதிர்காலம் பற்றி யோசிக்காமல் இருப்பது

இதை எழுதி வளர்த்த டாம் ஈஸ்டெப் 2019இல் ஓய்வு பெறுவதாக அறிவித்தார். அவர் எழுதி வைத்த ஆவணங்களைப் போல் பொறுமையாக விளக்கும் ஆவணங்களை நான் வேறெங்கும் படித்ததில்லை, அவருக்கு என் நன்றி உண்டு. ஆனால் ஷோர்வால் ஐபிடேபிள்ஸ் மொழியில்தான் பேசுகிறது. புதிதாக ஒரு பெட்டி வைப்பவர்கள் என்எஃப்டேபிள்ஸைப் பழகிக்கொள்வது நல்லது. ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியை அவசரப்பட்டு மாற்ற வேண்டாம்.

‘கிளியர்’ கட்டளையை அட்டவணையில் போட்டு வைப்பது

மாட்டிக்கொண்டால் காப்பாற்றும் என்று, பத்து நிமிடம் கழித்து கிளியர் தானாக ஓடும்படி சிலர் வைக்கிறார்கள். கிளியர் எல்லா விதிகளையும் அழித்துப் பெட்டியை முழுதாகத் திறந்துவிடும். வேலை நல்லபடியாக முடிந்து, அந்த அட்டவணையை நீக்க மறந்துவிட்டால் ஃபயர்வால் இல்லாமல் ஓடும். அட்டவணையில் வைப்பதென்றால், சேவ் செய்த விதிகளைத் திரும்ப ஏற்றும் ‘ரிஸ்டோர்’ வையுங்கள். கிளியர், விசைப்பலகைக்கு முன்னால் ஒரு ஆள் இருக்கும்போது மட்டும்.

தம்பியின் பெட்டியை அப்படித்தான் மீட்டோம். மஸ்கெலியாவுக்குப் பிறகு ஒவ்வொரு இடத்திலும் அலுமாரியில் ஒரு மூடிய உறை வைத்திருக்கிறேன். உள்ளே ஒரு தாளில் பெட்டிக்குள் போகும் பெயர், கடவுச்சொல், நான்கு வரிகள். தொழிற்சாலையில் இரவு வேலை நடந்துகொண்டிருந்ததால் டீமேக்கர் ஐயா அங்கே இருந்தார். போனில் பேசியபடியே உறையைப் பிரித்து, முதல் வரியிலிருந்த கிளியரை எழுத்து எழுத்தாகத் தட்டினார். எஸ்எஸ்எச் வந்தது. தம்பி உள்ளே போய், காலியாகக் கிடந்த ஸ்டாப்ட்ரூல்ஸில் ஹட்டன் முகவரியை எழுதி, விதியிலிருந்த பெயரை எண்ணாக்கி, ‘ஸ்டார்ட்’ கொடுத்தான். அப்புறம் நான் சொல்லாமலே ‘சேவ்’ கொடுத்தான். மறுநாள் நோர்வூட்டுக்குப் போய்ப் புதிய கடவுச்சொல்லோடு புதிய உறை வைத்துவிட்டு வந்தோம்.