கழுத்து மரு: எதை விட்டுவிடலாம், எதை டாக்டரிடம் காட்டணும்?

கழுத்திலும் அக்குளிலும் மிளகு அளவில், சின்னக் காம்போடு தொங்கும் மரு நம்மில் பலருக்கு உண்டு. செயினோ காலரோ உரசுகிற இடத்திலும் தோல் மடிப்பிலும் அதிகம் வரும். கர்ப்ப காலத்திலும் வரும். கெடுதல் செய்யாது, அடுத்தவருக்கு ஒட்டாது. ஆனால் ஒருநாள் அது திடீரென்று கறுத்துப்போனால் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும்.

படி 1: மருதானா என்று பாருங்கள்

விரலால் லேசாக அசையுங்கள். மெத்தென்று, காம்பில் ஆடினால் மரு. கெட்டியாக, சொரசொரவென்று இருந்தால் அது வைரஸால் வரும் வார்ட், அது பரவும். காம்பில்லாமல் கறுப்பாகவோ பழுப்பாகவோ தோலோடு படிந்திருந்தால் பெரும்பாலும் மச்சம். அதற்குக் கணக்கு வேறு, படி 4-ல் வருகிறது.

படி 2: போட்டோ எடுங்கள்

ஜன்னல் ஓரம், பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் பிள்ளைகளின் ஸ்கேலை வைத்து எடுங்கள். மில்லிமீட்டர் கோடு தெரியணும். மாதம் ஒருமுறை அதே மாதிரி எடுத்தால் போதும். தினமும் கண்ணாடி முன் நின்று தடவிப் பார்ப்பவர்களுக்குத்தான் எல்லாமே வளர்ந்த மாதிரி தெரியும்.

படி 3: பயப்பட வேண்டாதவை

காம்பு முறுக்கிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்றுபோகும். மரு சிவந்து வலிக்கும், பிறகு கறுத்துக் காய்ந்து தானே உதிர்ந்துவிடும். செயினில் மாட்டிக் கிழிந்தால், சுத்தமான துணியால் பத்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஆறும்வரை செயின் வேண்டாம்.

படி 4: டாக்டரிடம் காட்ட வேண்டியவை

எதுவும் படாமலே ரத்தம் கசிகிறதா? சில வாரங்களில் மளமளவென்று வளர்கிறதா? ஆடிக்கொண்டிருந்தது கெட்டியாகி அடியில் ஒட்டிக்கொண்டதா? புண்ணாகி நாலு வாரமாக ஆறவில்லையா? காட்டிவிடுங்கள். சீழ் பிடித்துக் காய்ச்சலும் இருந்தால் அன்றைக்கே போங்கள்.

மச்சம் என்றால், ஒரு பாதி மறுபாதியை ஒத்திருக்காதது, ஓரம் கோணல்மாணலானது, ஒன்றிலேயே பல நிறம், 6 மில்லிமீட்டரைத் தாண்டிய அகலம், எல்லாவற்றுக்கும் மேலாகப் புதிதாக ஒரு மாற்றம் என்று பார்க்கணும். கறுத்த தோல்காரர்களான நாம் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியையும் விடக் கூடாது. பாடகர் பாப் மார்லிக்குத் தோல் புற்றுநோய் தொடங்கியது கால்விரல் நகத்தடியில்தான்; 1981-ல் இறந்தபோது வயது 36.

படி 5: வீட்டில் கை வைக்காதீர்கள்

சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் குழைத்து வைப்பது, தலைமுடியால் இறுக்கிக் கட்டுவது என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். மரு விழலாம்தான். சுற்றியுள்ள தோலும் வெந்து தழும்பு விழும். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறு: வெந்துபோன இடத்தைப் பார்த்து, அங்கே முதலில் இருந்தது மருவா வேறெதுவுமா என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. பயாப்ஸிக்கு, அதாவது லேபில் வைத்துப் புற்றுநோயா என்று பார்க்க, அனுப்பவும் ஒன்றும் மிஞ்சாது. கண் இமை மருவைத் தொடவே வேண்டாம்.

தோல் டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டு நறுக்கிவிடுவார், இல்லாவிட்டால் கரண்ட் வைத்துச் சுடுவார். சில நிமிட வேலை.

படி 6: சர்க்கரையைப் பாருங்கள்

இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மரு நிறைய வந்து, பின்கழுத்தும் வெல்வெட் துணி போலத் தடித்துக் கறுத்திருந்தால், உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளமாக இருக்கலாம். அழுக்கு என்று நினைத்துப் பீர்க்கங்காய் நாரால் தேய்த்துப் பயனில்லை. வெறும் வயிற்றுச் சர்க்கரையும், மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி-யும் எடுத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சர்க்கரைப் பரிசோதனை இலவசம். காலையில் சாப்பிடாமல் போகணும், அவ்வளவுதான்.