சேப்பாக்கத்தில் ரஞ்சி தொடங்கியதற்கு ஒரு கல் வைப்பது எப்படி?

நம் ஊரில் கல் வைப்பதற்குப் பஞ்சமே இல்லை. திறந்து வைத்தவர், தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர் என்று எல்லாரும் பெரிய எழுத்தில் இருப்பார்கள், எதற்காக அந்தக் கல் என்பது மட்டும் அடியில் பொடி எழுத்தில் கிடக்கும். ஒரு விளையாட்டு எங்கே தொடங்கியது என்று சொல்லப்போகும் பலகைக்கு அதை அப்படியே தலைகீழாகப் போடுங்கள்.

சேப்பாக்கத்தையே எடுத்துக்கொள்வோம். இன்று ஐபிஎல் ஏலத்தில் கோடிக்குப் போகும் நம் ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் ரஞ்சிக் கோப்பை என்ற உள்நாட்டுக் கிரிக்கெட் போட்டியில் ஆடியவர்கள். அதன் முதல் ஆட்டம் 1934 நவம்பர் 4 அன்று இங்கேதான் தொடங்கியது, அன்றைக்கே முடிந்தும் போனது! மைசூர் இரண்டு இன்னிங்ஸில் 48க்கும் 59க்கும் சுருண்டது, மதராஸ் ஒரே இன்னிங்ஸில் எடுத்தது 130, ஏ.ஜி. ராம்சிங் மட்டும் 11 விக்கெட். முதல் பந்தை வீசிய எம்.ஜே. கோபாலன் இந்தியாவுக்காக ஹாக்கியும் ஆடியவர்.

எல்லாவற்றையும் கல்லில் ஏற்ற ஆசை வரும், வேண்டாம். நின்று படிக்கிறவருக்குப் பின்னால் டிக்கெட்டோடு கூட்டம் தள்ளிக்கொண்டிருக்கும். மூன்று வரி போதும்:

‘1934 நவம்பர் 4 அன்று ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் இந்த மைதானத்தில் நடந்தது. மதராஸ் அணி மைசூரை ஒரே நாளில் வென்றது. முதல் பந்தை வீசியவர் எம்.ஜே. கோபாலன்.’

எழுதுவதற்கு முன்னால் ‘முதல்’ என்று வரும் இடத்தையெல்லாம் சந்தேகப்படுங்கள். மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் 1846இல் தொடங்கியது என்பது சரி, ஆனால் ‘இந்தியாவின் முதல் கிளப்’ என்று உற்சாகத்தில் வெட்டிவிட்டால் 1792லேயே கிளப் கண்ட கல்கத்தாக்காரர்கள் சிரிப்பார்கள். எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் பழைய இதழ்களைக் கேட்டுப் பாருங்கள், இணையத்தில் ஒருவர் எழுதியதை இன்னொருவர் எடுத்துப் போட்டதெல்லாம் ஆதாரம் ஆகாது.

அப்புறம் அனுமதி. மைதானத்துக்கு உள்ளே என்றால் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம், வாலாஜா சாலை நடைபாதை என்றால் மாநகராட்சி, பறக்கும் ரயில் நிலையச் சுவர் என்றால் ரயில்வே. கடிதத்தோடு பலகையின் அளவு, வாசகம், வைக்கும் இடத்தின் படம் மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள், பராமரிப்பு யார் என்பதையும் எழுதிவிடுங்கள், கட்டாயம் கேட்பார்கள்.

பொருள் விஷயத்தில் என் ஓட்டு கிரானைட்டுக்கு. பித்தளை பார்க்க ஜோர்தான், ஆனால் மெரினா பக்கத்தில் உப்புக்காற்றுக்குச் சீக்கிரம் கறுத்துவிடும், திருட்டுப் பயம் வேறு. எழுத்தை ஆழமாக வெட்டச் சொல்லுங்கள், முக்கியமாகப் புள்ளிகளை. மேலோட்டமாக வெட்டி பெயிண்ட் அடித்தால் முதலில் மறைவது புள்ளிதான், மைசூர் ‘மைசூர’ ஆகிவிடும். வெட்டுவதற்கு முன் காகிதத்தில் முழு அளவில் எழுதி வாங்கி, கிரிக்கெட் தெரியாத ஒருவரிடம் கொடுத்துப் பிழை பார்க்கச் சொல்லுங்கள்.

பதிக்கும்போது கண் மட்டத்துக்கு வையுங்கள். பளபளவென்று இல்லாமல் மங்கலான கல்லாக இருந்தால் வெயில் கண்ணைக் கூசாது. அதை ஒட்டி வெற்றுச் சுவர் விடாதீர்கள், விட்டால் தேர்தல் வந்ததும் போஸ்டர் கல் மேலேயும் ஏறிவிடும். நன்கொடையாளர் பெயர் போட்டே ஆகவேண்டும் என்றால் கீழ் ஓரத்தில், ஒரே வரியில்.