படியெடுக்க முடியாத கேள்வி: வகுப்பறையில் வெப்குவெஸ்ட்

சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் பெர்னி டாட்ஜ், டாம் மார்ச்சுடன் சேர்ந்து 1995-இல் உருவாக்கிய வெப்குவெஸ்ட் முறையில் மாணவர்கள் இணையத்தில் மனம்போல அலைவதில்லை. ஆசிரியர் முன்பே தேர்ந்து வைத்த பக்கங்களைப் படித்து, அவற்றைக் கொண்டு ஒரு பணியை முடிக்கிறார்கள்.

உங்கள் உழைப்பில் பெரும்பகுதியைக் கேள்வியை அமைப்பதில் செலவிடுங்கள். ‘2015-இல் சென்னையில் வெள்ளம் ஏன் வந்தது?’ என்று கேட்டால், முதலில் கண்ணில் படும் பக்கத்தின் இரண்டு பத்திகள் அப்படியே நோட்டுக்கு வந்துவிடும். அதற்கு மாணவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ‘அந்த டிசம்பர் 1-ஆம் தேதி செம்பரம்பாக்கம் ஏரியின் பொறுப்பு உங்களிடம் இருந்திருந்தால், எப்போது, எவ்வளவு நீரைத் திறந்திருப்பீர்கள்?’ என்று கேட்டால் படியெடுக்க விடை எங்கும் கிடைக்காது. ஏரியிலிருந்து சென்னை வழியே ஓடும் அடையாற்றில் விநாடிக்கு 29,000 கன அடி வரை திறக்கப்பட்டது என்பது அரசுக் கணக்கு. முன்கூட்டியே சிறிது சிறிதாகத் திறந்திருக்கலாம் என்பார் ஒரு சாரார். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டிய நிலையில், ஏரியைத் தாண்டி ஆற்றின் கீழ்ப்பகுதியில் பெய்த மழையே அடையாற்றை நிரப்பப் போதுமானது என்பார் மறுசாரார். இந்த முரண்பாட்டை எடைபோடுவதுதான் மாணவரின் வேலை.

ஆகவே ஐந்தாறு பக்கங்களுக்கு மேல் தர வேண்டாம். ஆனால் அவை ஒன்றோடொன்று முரண்பட வேண்டும். மழையளவுப் பதிவு, தணிக்கைத் துறை அறிக்கையிலிருந்து சில பக்கங்கள், அந்த வாரத்து நாளிதழ்ச் செய்திகள், அடையாற்றின் வரைபடம் ஆகியவை போதும். அறிக்கையின் நடை ஒன்பதாம் வகுப்புக்குக் கடினமாக இருந்தால் நீங்களே எளிய தமிழில் சுருக்கிக் கொடுங்கள். இணைப்புகள் திறக்கின்றனவா என்பதை முந்தைய நாளே சரிபார்த்து, ஓர் அச்சுப்படியையும் கையில் வைத்திருங்கள். பாடவேளை தொடங்கிய பின் இணையம் நின்றுபோவது நமக்குப் புதிதல்ல.

நால்வர் கொண்ட குழுவில் பொறியாளர், வானிலையாளர், கரையோரக் குடியிருப்பாளர், செய்தியாளர் எனப் பொறுப்பைப் பிரித்துக் கொடுத்தால் ஒரே கணினி இருந்தாலும் யாரும் சும்மா இருக்க வழியில்லை. முதல் பாடவேளையில் வாசிப்பும் குறிப்பெடுத்தலும், இரண்டாவதில் விவாதமும் முடிவும், மூன்றாவதில் வகுப்பின் முன் விளக்கமும் நடக்கட்டும்.

மதிப்பெண் எதற்கு என்பதைத் தொடக்கத்திலேயே கரும்பலகையில் எழுதிவிடுங்கள். எந்த முடிவுக்கு வந்தார்கள் என்பதற்கு மதிப்பெண் வேண்டாம். அதற்குக் காட்டிய சான்றுக்கும், தமக்கு எதிரான சான்றுக்குச் சொன்ன பதிலுக்கும் கொடுங்கள். இரண்டு குழுக்கள் நேர்மாறான முடிவுகளுடன் முழு மதிப்பெண் பெற்றால், கேள்வி சரியாக அமைந்திருக்கிறது என்று கொள்ளலாம்.