ஒரு டம்ளர் கொள்ளில் கடைசலும் ரசமும்

சேலத்துக்கு வேலைக்கு வந்த புதிதில், அம்மாபேட்டையில் ஒரு மாடி அறையில் தங்கிச் சமைத்துக்கொண்டிருந்தேன். முதல்முறை கொள்ளு வேகவைத்த அன்று, சோறு வடிக்கிற நினைப்பில் வெந்த தண்ணீரை மொத்தமாகத் தொட்டியில் கொட்டிவிட்டேன். அந்தத் தொட்டியின் குழாய், கீழே வீட்டுக்கார அக்கா பாத்திரம் தேய்க்கும் இடத்துக்குப் பக்கத்தில்தான் இறங்கும். "ஏங்கண்ணு, ரசத்தைத் தூக்கி சாக்கடையில ஊத்திட்டியே" என்று சத்தம் போட்டார். நான் ரசமே வைக்கவில்லையே என்று முழித்தேன்.

அந்தத் தண்ணீர்தான் ரசம். மசித்த கொள்ளுதான் கடைசல். ஒரே குக்கரில் இரண்டும் முடிந்துவிடும், நாலு பேர் வயிறாரச் சாப்பிடலாம்.

வாங்க வேண்டியது கொஞ்சம்தான். கொள்ளு கால் கிலோ, சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி இரண்டு, வரமிளகாய், மிளகு, சீரகம், கொத்தமல்லி விதை, புளி. கொள்ளை செவ்வாய்ப்பேட்டை பலசரக்குக் கடைகளில் வாங்குவேன். நான் கடைசியாக வாங்கியபோது கால் கிலோ 25 ரூபாய்க்குள் முடிந்தது. காய்க்கு உழவர் சந்தை. வாசல் பலகையில் அன்றைய விலை எழுதியிருக்கும், அதைப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள். சின்ன வெங்காயத்தில் பொடிசாக இருப்பது விலை குறைவு. உரிக்கச் சோம்பல்பட்டுத்தான் பலர் அதை விட்டுவிடுகிறார்கள். பத்து நிமிடம் தண்ணீரில் போட்டு வையுங்கள், தோல் தானாகக் கழன்று வரும்.

முந்தின நாள் ராத்திரியே வேலை ஆரம்பம். ஒரு டம்ளர் கொள்ளை வெறும் வாணலியில் சிறுதீயில் நாலைந்து நிமிடம் வறுங்கள். ஒன்றிரண்டு வெடித்து, மண்ணில் மழை விழுந்தது போல வாசனை வரும்போது இறக்கிவிடுங்கள். கருக விட்டால் கசக்கும்.

ஆறியதும் கல் அரிக்க வேண்டும். இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். கொள்ளின் நிறத்திலேயே கல் இருக்கும், கண்ணால் பொறுக்கி முடியாது. அகலமான பாத்திரத்தில் கொள்ளைப் போட்டுத் தண்ணீர் நிறைய ஊற்றி, ஒரு சுழற்று சுழற்றி, மேலே மிதந்து வருவதைத் தண்ணீரோடு இன்னொரு பாத்திரத்துக்குச் சாய்த்து ஊற்றுங்கள். கொள்ளு ஓடிவரும், கல் கனத்தில் பின்தங்கி அடியில் நிற்கும். கடைசிக் கைப்பிடி வரும்போது மெதுவாகச் சாய்க்க வேண்டும். மூன்று தடவை போதும். ஒரு நாள் இதை விட்டுவிட்டு, முதல் வாயிலேயே 'நறுக்' என்று கடித்தேன். அப்புறம் எவ்வளவு பசித்தும் சாப்பாடு இறங்கவில்லை.

ராத்திரி முழுக்க ஊறட்டும். காலையில் ஊறிய தண்ணீரைக் கொட்டிவிடலாம். வெந்த தண்ணீரைத்தான் கொட்டக் கூடாது, குழப்பிக்கொள்ளாதீர்கள். ஐந்து டம்ளர் புதுத் தண்ணீர் ஊற்றி குக்கரை மூடுங்கள். குக்கர் பாதிக்கு மேல் நிரம்பினால் நுரை பொங்கி விசில் துவாரத்தை அடைக்கும். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து 20 நிமிடம். உப்பும் புளியும் இப்போது வேண்டாம். புளிப்பு சேர்ந்தால் கொள்ளு விறைத்துக்கொண்டு வேகாது. இரண்டு விரலுக்கு நடுவில் நசுக்கினால் மாவாகக் குழைய வேண்டும். இல்லையென்றால் இன்னும் இரண்டு விசில்.

இப்போது வடிகட்டுங்கள். காப்பி நிறத்தில் மூன்று டம்ளர் அளவுக்குத் தண்ணீர் கிடைக்கும். குறைந்தால் கொஞ்சம் வெந்நீர் சேர்த்துக்கொள்ளலாம்.

கடைசலுக்கு, வாணலியில் ஒரு கரண்டி கடலை எண்ணெய். ரேஷன் பாமாயிலை அப்பளம் பொரிக்க வைத்துக்கொள்ளுங்கள், இதற்குக் கடலை எண்ணெயின் வாசனை வேண்டும். சீரகம், மல்லி விதை தலா ஒரு சிறிய கரண்டி, வரமிளகாய் நாலு, பூண்டு ஐந்து பல், சின்ன வெங்காயம் பத்து, தக்காளி ஒன்று, இந்த வரிசையில் வதக்குங்கள். வெங்காயத்தின் ஓரம் சிவக்கும்வரை பொறுமை வேண்டும். ஆறியதும் உப்பு சேர்த்து மிக்ஸியில் கொரகொரப்பாக அரைத்து, அதன்மேல் கொள்ளைப் போட்டு, விட்டு விட்டு மூன்று சுற்று. தொடர்ந்து ஓடவிட்டால் பசை மாதிரி ஆகிவிடும். மண்சட்டியும் மத்தும் இருந்தால் மிக்ஸியே வேண்டாம், கடைந்த ருசி தனி. இறுகினால் வெந்த தண்ணீரில் இரண்டு கரண்டி விட்டுத் தளர்த்துங்கள். கடுகு, கறிவேப்பிலை, பொடியாக அரிந்த வெங்காயம் தாளித்துக் கொட்டினால் கடைசல் முடிந்தது.

ரசம் பத்து நிமிட வேலை. சின்ன நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து, தக்காளியைக் கையால் பிசைந்து சேர்த்து, மஞ்சள்தூள், உப்பு போட்டுப் பச்சை வாசனை போகக் கொதிக்கவிடுங்கள். மிளகு ஒரு சிறிய கரண்டி, சீரகம் அதே அளவு, பூண்டு நாலு பல் ஆகியவற்றை உரலில் நசுக்கிப் போட்டு, கொள்ளுத் தண்ணீரையும் கடைசலில் ஒரு கரண்டியையும் சேருங்கள். ஓரத்தில் நுரை கட்டியதும் அடுப்பை அணைத்துவிட வேண்டும், தளதளவென்று கொதித்தால் மிளகின் மணம் ஓடிவிடும். கடுகு, வரமிளகாய், பெருங்காயம் தாளித்து, மல்லித்தழை தூவுங்கள்.

மிளகு மட்டும் ஏற்காட்டுப் பக்கம் போகும்போது வாங்கி வருவேன். காப்பித் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் ஏறிய கொடிகளில் காய்ப்பது. காரம் அதிகம், அளவைக் கொஞ்சம் குறைத்தால் போதும். ஏற்காட்டில் இருக்கும் என் சித்தி, குக்கர் இல்லாமல் கொள்ளு வேகவைக்க அரை நாள் ஆகிறது என்று புலம்புவார். கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் அதற்கு மேல் சூடு ஏறாது. மலைமேல் இருப்பவர்கள் குக்கரிலும் ஐந்து நிமிடம் கூடுதலாக வையுங்கள்.

கடைசல் மிஞ்சினால் ராத்திரிக்கு ராகிக் களி கிண்டுங்கள். களியில் குழி பறித்து, அதில் கடைசலை விட்டு, மேலே ஒரு சொட்டு நல்லெண்ணெய். பச்சை வெங்காயத்தைக் கத்தியில் அரியாமல் கையால் நசுக்கிக் கடித்துக்கொள்ளுங்கள்.