கிளஸ்டர் காலி, ஆனாலும் ஜாப் நகரவில்லை: யார்ன் க்யூக்களுக்குப் பங்கு பிரிப்பது எப்படி?

மொரீஷியஸில், எபென் பக்கம் எங்கள் அலுவலகத்தில் ஒரே ஹடூப் கிளஸ்டரை (பெரிய டேட்டாவைச் சேர்ந்து அலசும் மெஷின்களின் கூட்டம்) மூன்று கூட்டத்தார் பயன்படுத்துகிறார்கள். இரவு அறிக்கை தயாரிக்கும் அணி, பாரிஸிலிருந்து வேலை பார்க்கும் ஆய்வாளர்கள், அப்புறம் 'சும்மா ஒரு க்வெரி போட்டுப் பார்க்கிறேன்' என்று வருகிற மற்ற எல்லோரும். இவர்களுக்குள் சண்டை வராமல் பங்கு பிரிப்பது என் பொறுப்பு. புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்கு வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதியே வைக்கிறேன். கிளஸ்டரின் மெமரியையும் சிபியுவையும் ஜாப்களுக்குப் பிரித்துக் கொடுப்பது ஹடூப்பின் யார்ன். அதில் ஜாப்களைக் க்யூ க்யூவாக நிறுத்தி, க்யூவுக்கு இவ்வளவு என்று பங்கு போடுவது கெபாசிட்டி ஷெட்யூலர். எல்லாம் அதை வைத்துச் சொல்வது.

கான்ஃபிக் ஃபைலைத் திறப்பதற்கு முன்னால் ஒரு தாளில் 24 மணி நேரத்தைக் கோடு போட்டு, யார் எப்போது கிளஸ்டரைக் கேட்கிறார்கள் என்று குறியுங்கள். மொரீஷியஸில் கடிகாரத்தை மாற்றுவதில்லை, பிரான்ஸில் மாற்றுகிறார்கள். கோடையில் பாரிஸ் ஆய்வாளர்கள் வேலை முடிக்கும் மாலை 6 மணி நமக்கு இரவு 8. அக்டோபர் கடைசி ஞாயிறு கழிந்ததும் அதே 6 மணி நமக்கு இரவு 9 ஆகிவிடும். இரவு அறிக்கை 8 மணிக்குத் தொடங்குகிறது என்றால், மார்ச் கடைசி வரை தினமும் ஒரு மணி நேரம் இரண்டு அணியும் முட்டிக்கொள்ளும். க்யூவை வடிவமைக்க வேண்டியது அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான். மற்ற நேரத்தில் எந்த அமைப்பும் ஓடும்.

கணக்குக்கு வசதியாக 10 மெஷின் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் 128 ஜிபி மெமரி, அதில் 100 ஜிபியை யார்னுக்குக் கொடுத்து மீதியை ஓஎஸ்ஸுக்கும் மற்ற சர்வீஸ்களுக்கும் விட்டால், பங்கு போட மொத்தம் 1000 ஜிபி. ரூட் என்ற தாய் க்யூவுக்குக் கீழே மூன்று க்யூ: இரவு 50 சதவீதம், ஆய்வு 30, பொது 20. ஒரே தாய்க்குக் கீழே இருக்கிற க்யூக்களின் கூட்டுத்தொகை 100 வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் ஷெட்யூலர் அந்த ஃபைலை ஏற்காது.

இந்தச் சதவீதத்தைச் சுவர் என்று நினைத்துவிடாதீர்கள். இது உத்தரவாதம் மட்டுமே. இரவு க்யூ சும்மா இருந்தால் அதன் 500 ஜிபியை மற்றவர்கள் எடுத்துக்கொள்ளலாம். எதுவரை என்பதை மேக்ஸிமம் கெபாசிட்டி முடிவு செய்கிறது. அதைக் குறிப்பிடாவிட்டால் 100 வரை போகும். நான் ஆய்வுக்கு 70, பொதுவுக்கு 40 வைப்பேன். பொதுவில் யார் என்ன ஓட்டுவார்கள் என்று கடவுளுக்குத்தான் தெரியும், அதனால் அங்கே கொஞ்சம் கஞ்சத்தனம் நல்லது. இடம் காலியானதும் முதலில் யாருக்கு? தன் உத்தரவாதத்தில் குறைந்த விகிதத்தைப் பயன்படுத்தியிருப்பவருக்கு. இரவு 400 ஜிபி (80 சதவீதம்), ஆய்வு 150 (50), பொது 150 (75) எடுத்திருந்தால் அடுத்த கன்டெய்னர் (யார்ன் ஒரு தடவை வெட்டிக் கொடுக்கும் மெமரி, சிபியு துண்டு) ஆய்வுக்குப் போகும்.

கடன் கொடுப்பது இவ்வளவு சுலபம். வம்பெல்லாம் திரும்ப வாங்குவதில்தான். இரவு 7:55-க்கு ஆய்வு 700 ஜிபியைப் பிடித்து வைத்திருக்கிறது, பொது காலி. 8 மணிக்கு இரவு அறிக்கை வந்து 500 கேட்கிறது. உடனே கிடைப்பது 300. மீதி 200-க்குக் காத்திருக்க வேண்டியதுதான். கோயிலில் ஏழு கறிச் சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்தவரைப் பாதியில் எழுப்ப முடியாதில்லையா, அதுபோல ஷெட்யூலரும் தானாக யாரையும் எழுப்பாது. ஹடூப்பின் பழைய முறையான மேப்ரெட்யூஸ் காலத்தில் இது பெரிய தொல்லை இல்லை, ஒவ்வொரு டாஸ்க்கும் முடிய முடிய இடம் காலியாகும். இப்போது ஜாப் ஓட்டப் பயன்படுத்தும் ஸ்பார்க் அப்படியில்லை. அப்ளிகேஷன் உயிரோடு இருக்கும் வரை அதன் டாஸ்க்குகளை ஓட்டுகிற எக்ஸிக்யூட்டரும் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். பாரிஸில் ஒருவர் ஜுபிடர் நோட்புக்கை மூடாமல் வீட்டுக்குப் போனால் அந்த மெமரி விடிய விடிய அவர் பெயரில் கிடக்கும்.

இதற்கு இரண்டு மருந்து, இரண்டும் வேண்டும். முதலாவது ஸ்பார்க்கின் டைனமிக் அலோகேஷன். 60 வினாடி சும்மா இருந்த எக்ஸிக்யூட்டரை அதுவே விட்டுவிடும். ஆனால் டேட்டாவை கேஷ் செய்து, அதாவது மறுபடி பயன்படுத்த எடுத்து வைத்துக்கொண்டு, இருக்கிற எக்ஸிக்யூட்டரை, நீங்கள் தனியாக நேரம் குறிப்பிடாவிட்டால், எப்போதுமே விடாது. ஆய்வாளர்கள் எதையெடுத்தாலும் கேஷ் போடுகிறவர்கள். ஆகவே கேஷ் எக்ஸிக்யூட்டருக்கும் அரை மணி நேரம் என்று ஒரு கெடு வைத்துவிடுங்கள்.

இரண்டாவது ப்ரீஎம்ப்ஷன், அதாவது ஷெட்யூலரே பிடுங்கிக் கொடுப்பது. யார்னின் தலைமை சர்வீஸான ரிசோர்ஸ் மேனேஜரில் ஷெட்யூலர் மானிட்டரை இயக்கினால் 3 வினாடிக்கு ஒருமுறை கணக்குப் பார்க்கும். உத்தரவாதத்துக்கு மேல் வைத்திருப்பவரிடம் முதலில் கேட்கும், 15 வினாடி பொறுக்கும், அப்புறம் கன்டெய்னரைக் கொன்றுவிடும். ஒரு சுற்றில் கிளஸ்டரின் 10 சதவீதத்துக்கு மேல் கேட்காது. ஒரு க்யூ தன் பங்கைவிடப் பத்து சதவீதம் கூட வைத்திருந்தால் கண்டுகொள்ளாது. இவையெல்லாம் வழக்கமான மதிப்புகள், நான் தொடுவதில்லை. இப்படிப் பிடுங்கப்பட்ட எக்ஸிக்யூட்டரை ஸ்பார்க் தோல்வியாகக் கணக்கில் எடுப்பதில்லை, டாஸ்க்கை வேறு இடத்தில் மறுபடி ஓட்டும். ஆய்வாளர்கள் கூச்சல் போட்டால் இதைச் சொல்லுங்கள்.

இரவு அணியினர் எப்போதும் ஒரு சலுகை கேட்பார்கள்: 'எங்களிடமிருந்து மட்டும் பிடுங்காதீர்கள்.' க்யூ அளவில் ப்ரீஎம்ப்ஷனை நிறுத்த வழி இருக்கிறது, கொடுக்கலாம். ஆனால் வாங்கியதைத் திருப்பித் தராதவருக்குக் கடன் வரம்பைக் குறைத்துவிட வேண்டும். அதனால் இரவின் மேக்ஸிமத்தை 60-க்கு மேல் விட மாட்டேன்.

இனி தலைப்பில் உள்ள கேள்வி. தைப்பூசக் காவடி அன்று இங்கே அரசு விடுமுறை. நம் ஆட்கள் யாரும் கிளஸ்டர் பக்கம் வர மாட்டார்கள். பாரிஸுக்கு அது சாதாரண வேலை நாள். ஒரே ஒரு ஆய்வாளர் பெரிய ஜாப் ஒன்றைப் போடுகிறார். மேக்ஸிமம் 70 இருந்தும் 300 ஜிபியில் வந்து நின்றுவிடுகிறது, 700 ஜிபி சும்மா கிடக்கிறது. காரணம், யூசர் லிமிட் ஃபேக்டர். அது வழக்கமாக 1, அதாவது தனி ஒரு யூசர் தன் க்யூவின் உத்தரவாத அளவை ஒரு மடங்குக்கு மேல் தாண்ட முடியாது. ஆய்வுக்கு 2 வைத்தால் 600 வரை போவார். இரவு க்யூவில் எல்லாமே ஒரே சர்வீஸ் கணக்கில் ஓடுவதால் அங்கேயும் இது கடிக்கும்: ஃபேக்டர் 1 என்றால் 60 என்று நாம் கொடுத்த மேக்ஸிமம் வெறும் அலங்காரம். 1.2 போடுங்கள். பல பேர் மோதுகிற பொது க்யூவில் மினிமம் யூசர் லிமிட்டை 25 ஆக்கினால், நாலு பேர் வரைக்கும் சமமாகப் பிரியும், ஐந்தாமவர் காத்திருப்பார்.

ஜாப் தொடங்கவே இல்லை, 'அக்செப்டெட்' என்றே நிற்கிறது என்றால் அது வேறு நோய். ஒவ்வொரு ஜாப்புக்கும் அதை நடத்திச் செல்ல ஒரு அப்ளிகேஷன் மாஸ்டர் வேண்டும். க்யூவில் 10 சதவீதம்தான் மாஸ்டர்களுக்கு. பொதுவின் 200 ஜிபியில் அது 20 ஜிபி. ஆளுக்கு 2 ஜிபி என்றால் ஏறக்குறைய பத்து ஜாப்போடு கதவு மூடிவிடும். குட்டிக் குட்டி ஜாப் வருகிற க்யூவுக்கு மட்டும் இதை 30 சதவீதமாக ஏற்றுங்கள். பெரிய ஜாப் ஒன்றிரண்டு ஓடுகிற இரவு க்யூவுக்குத் தேவையில்லை.

மெமரி எங்கே போகிறது என்று தெரியவில்லையா? மினிமம் அலோகேஷனை, அதாவது யார்ன் ஒரு கன்டெய்னருக்குக் கொடுக்கும் மிகக் குறைந்த அளவை, பாருங்கள். 8 ஜிபி எக்ஸிக்யூட்டர் கேட்டால் ஸ்பார்க் அதோடு 10 சதவீதம் சேர்த்து 8.8 கேட்கும். மினிமம் 1 ஜிபி என்றால் யார்ன் 9 கொடுக்கும். மினிமம் 4 ஜிபி என்றால் அதன் மடங்காக 12. எக்ஸிக்யூட்டருக்கு 3 ஜிபி தண்டம், 25 எக்ஸிக்யூட்டருக்கு 75 ஜிபி.

சிபியு பற்றி ஒரு வார்த்தை. வழக்கமான ரிசோர்ஸ் கால்குலேட்டர் மெமரியை மட்டுமே பார்க்கும். கோர்களையும் சேர்த்துப் பார்க்க டாமினன்ட் கால்குலேட்டருக்கு மாறுங்கள். இதன் அடிப்படை 2011-இல் பெர்க்லி ஆய்வாளர்கள் வெளியிட்ட யோசனை: ஒவ்வொருவரும் எந்தப் பொருளை அதிகமாகத் தின்கிறாரோ அந்தப் பங்கை வைத்துச் சமப்படுத்து. அவர்கள் காட்டிய கணக்கே தெளிவானது. மொத்தம் 9 கோர், 18 ஜிபி. ஒருவரின் டாஸ்க்குக்கு 1 கோர், 4 ஜிபி. இன்னொருவருக்கு 3 கோர், 1 ஜிபி. முதலாமவருக்கு மூன்று டாஸ்க், அதாவது 12 ஜிபி. இரண்டாமவருக்கு இரண்டு டாஸ்க், அதாவது 6 கோர். இருவருக்கும் தத்தம் பெரும்பசியில் மூன்றில் இரண்டு பங்கு.

க்யூ மாற்றங்களை ஆர்எம் அட்மின் கட்டளையின் ரிஃப்ரெஷ் க்யூஸ் மூலம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஏற்றலாம். ப்ரீஎம்ப்ஷன் மானிட்டரை முதல்முறை இயக்க மட்டும் ரிசோர்ஸ் மேனேஜரை நிறுத்தித் தொடங்க வேண்டும். இரவு எட்டு மணிக்கு ஒருவர் உட்கார்ந்து கையால் சதவீதத்தை மாற்றுவது என்று எந்த ஏற்பாடும் வேண்டாம். மூன்றாம் வகுப்புப் புயல் எச்சரிக்கை வந்தால் அலுவலகமே மூடிவிடும், அறிக்கை மட்டும் போயாக வேண்டும்.

கடைசியாக ஒரு சோதனை. சனிக்கிழமை மதியம் ஆய்வு க்யூவில் இரண்டு யூசர் பெயரில் போலி ஜாப்களைப் போட்டு 700 வரை நிரப்புங்கள். இரவு க்யூவில் 500 கேட்கிற ஜாப் ஒன்றைத் தொடங்கி ஷெட்யூலர் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள். ஆய்வு 300-க்கு இறங்காது, பொது காலியாக இருப்பதால் 500 பக்கம் வந்து நிற்கும். அது சரியானதுதான். ஓரிரு நிமிடத்தில் இரவு க்யூ 500-ஐத் தொட வேண்டும். தொடாவிட்டால் முதலில் மானிட்டர் ஓடுகிறதா என்று லாகில் பாருங்கள், அடுத்து ஆய்வு க்யூவில் யாராவது ப்ரீஎம்ப்ஷனை நிறுத்தி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.