கவிதை ஸ்லாம்: நடத்துபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டர்பன் வட்டாரத்தில் சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் வெருலத்திலும் நம் இளைஞர்கள் சிலர், கவிஞர்கள் சொந்தக் கவிதையை மேடையில் சொல்ல அவையிலிருந்தே நடுவர்கள் மதிப்பெண் கொடுக்கும் போட்டியான கவிதை ஸ்லாமைத் தமிழிலும் நடத்த வேண்டும் என்று முன்வரும்போது, மதிப்பெண் குறிப்பதற்கோ நேரம் பார்ப்பதற்கோ என்னை அழைப்பது உண்டு. அழைப்பவர்கள் ஒவ்வொரு முறையும் புதியவர்கள். அவர்கள் செய்யும் தவறுகளோ, இந்த மேடைக்கு வந்த புதிதில் நாங்கள் எல்லோரும் செய்தவை. ஒலிபெருக்கியைச் சோதித்துப் பார்க்க மறப்பது, அரங்கத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்று தெரியாமல் வாசலில் நிற்பது போன்றவற்றை ஒருமுறை பட்டாலே கற்றுக்கொள்ளலாம் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். போட்டியின் நியாயத்தைக் குலைக்கும் பிழைகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

கவியரங்க வழக்கத்தையும் ஐஸ்டெட்ஃபோட் வழக்கத்தையும் அப்படியே கொண்டுவருவது

தென்னாப்பிரிக்கத் தமிழருக்குப் பழக்கமான மேடைகள் இரண்டு. ஒன்று, தலைமைக் கவிஞர் ஒருவர் அமர்ந்து ஒவ்வொருவரையும் பாராட்டி அழைக்கும் கவியரங்கம். மற்றொன்று, திருக்குறளும் தேவாரமும் பேச்சும் ஒப்பித்தலுமாக நம் பிள்ளைகள் வளர்ந்துவந்த ஐஸ்டெட்ஃபோட் போட்டி. இரண்டுமே மதிப்புக்குரியவை. ஆனால் ஸ்லாம் வேறொரு நோக்கத்தில் பிறந்தது. சிகாகோவில் கட்டுமானத் தொழிலாளியாக இருந்த மார்க் ஸ்மித், கவிதை வாசிப்புக் கூட்டங்களில் கேட்பவர்கள் வாய் திறக்காமல் அமர்ந்திருக்கும் நிலையை மாற்ற விரும்பி, 1986-ஆம் ஆண்டு கிரீன் மில் என்ற ஜாஸ் விடுதியில் இந்த வடிவத்தைத் தொடங்கினார். அங்கே மதிப்பெண் கொடுக்கும் உரிமை அவையில் இருந்த சாதாரண மனிதர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. 1990-இல் சான் பிரான்சிஸ்கோவில் அமெரிக்காவின் முதல் தேசிய ஸ்லாம் போட்டி நடந்தது. இன்று உலகெங்கும் பின்பற்றப்படும் விதிகள் பெரும்பாலும் இந்த மரபிலிருந்து வந்தவையே. நம் டர்பனிலும், 1997 முதல் நடந்துவரும் போயட்ரி ஆப்பிரிக்கா விழாவில் ஸ்லாம் போட்டியைக் கேட்டவர்களுக்கு அவையின் குரல் எவ்வளவு முக்கியம் என்பது தெரியும்.

ஆகவே உச்சரிப்புக்கு மூன்று, பொருளுக்கு மூன்று, மனப்பாடத்துக்கு நான்கு என்று பிரித்த தாளை நடுவர்களிடம் கொடுக்க வேண்டாம். எழுத்தையும் சொன்ன விதத்தையும் சேர்த்து, 0.0 முதல் 10.0 வரை ஒரே எண், ஒரு தசம இடத்துடன் போதும்.

நடுவர் நாற்காலியில் சிறப்பு விருந்தினர்

வழக்கமாக நடுவர்கள் ஐவர். போட்டியாளர் எவருக்கும் உறவினரோ ஆசிரியரோ அல்லாத ஐந்து பேரை, நிகழ்ச்சி தொடங்கும் முன் அவையிலிருந்தே தேர்ந்தெடுக்க வேண்டும். ஐந்து எண்களில் மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் நீக்கிவிட்டு நடுவிலுள்ள மூன்றைக் கூட்டுவது முறை. எனவே ஒரு கவிதைக்குக் கிடைக்கக்கூடிய உச்சம் 30.

இந்த நீக்கல் முறை இருப்பதால் மாமாவோ சித்தியோ நடுவராக இருந்தாலும் பாதிப்பு வராது என்று சிலர் வாதிடுகிறார்கள். கணக்கைப் பார்ப்போம். நால்வர் 7.9, 8.0, 8.1, 8.2 என்று கொடுக்க, உறவினர் ஒருவர் 10 கொடுத்தால், 7.9-உம் 10-உம் நீங்கி 24.3 வருகிறது, உறவுப் பாசம் கணக்கில் ஏறவில்லை. ஆனால் 8.1 கொடுத்தவரும் உறவினராக இருந்து அவரும் 10 கொடுத்துவிட்டால், ஒரு 10 நீங்கினாலும் மற்றொரு 10 தங்கி, மொத்தம் 26.2 ஆகிவிடும். அதே கவிதைக்கு ஏறக்குறைய இரண்டு மதிப்பெண் கூடுதல். ஒரு சுற்றின் முடிவை மாற்ற அது தாராளமாகப் போதும். எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு வகையில் சொந்தமாக இருக்கும் நம் சமூகத்தில் இந்த நிலை எளிதில் வரும். வெளியூரிலிருந்து வந்தவர்கள், வேறு கோயில், வேறு பள்ளி வட்டத்தைச் சேர்ந்தவர்கள் என்று தேடிப் பிடிப்பது அமைப்பாளரின் கடமை. நன்கொடை கொடுத்தவருக்குப் பொன்னாடை போர்த்துங்கள். எண் அட்டையைக் கொடுக்க வேண்டாம்.

நடுவர்கள் கலந்து பேசக்கூடாது. தொகுப்பாளர் கேட்டவுடன் ஐந்து அட்டைகளும் ஒரே நேரத்தில் உயர வேண்டும், எண்கள் உரக்க வாசிக்கப்பட வேண்டும். சீட்டில் எழுதி மடித்து வாங்கி, நன்றியுரைக்குப் பிறகு முடிவை அறிவித்தால் அது ஸ்லாம் ஆகாது.

சிறியவர்களை முதலில் ஏற்றுவதும், முன்னோட்டக் கவிஞரை நீக்குவதும்

மற்றவற்றைப் பொறுத்துக்கொள்ள முடியும். இந்த ஒன்றை மட்டும் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் இதற்குப் பலியாகிறவர்கள் பெரும்பாலும் பிள்ளைகள்.

ஸ்லாமில் பிந்தி ஏறுபவருக்கு முந்தி ஏறியவரைவிட மதிப்பெண் கூடுதலாக வருவது, இந்த மேடையை அறிந்தவர்கள் எல்லோரும் கண்ட உண்மை. காரணங்கள் எளியவை. முதல் கவிதையைக் கேட்கும் நடுவர், இதைவிடச் சிறந்தது வரக்கூடும் என்று எண்ணி மேலே இடம் விட்டு வைக்கிறார். அடுத்து வந்தது சற்று நன்றாக இருந்தால் முந்தையதைவிட ஒரு புள்ளியாவது மேலே போக வேண்டியிருக்கிறது. அதற்கடுத்தது இன்னும் மேலே. இதற்கிடையில் அவையும் சூடேறுகிறது. குறைந்த எண்ணைக் கண்டால் கூச்சலிடுகிறது. அந்தக் கூச்சலைக் கேட்ட நடுவரின் கை அடுத்த முறை தானாகவே உயர்கிறது. ஒருவரும் வஞ்சகம் செய்யாமலே, முதலில் ஏறியவர் தோற்றுப்போகிறார்.

இதை ஓரளவேனும் சரிசெய்யத்தான் முன்னோட்டக் கவிஞர் என்ற ஏற்பாடு இருக்கிறது. போட்டியில் இல்லாத ஒருவர், போட்டி தொடங்கும் முன் ஒரு முழுக் கவிதையைச் சொல்வார். நடுவர்கள் உண்மையாகவே மதிப்பெண் கொடுப்பார்கள். அது வாசிக்கப்படும், ஆனால் எந்தக் கணக்கிலும் சேராது. நடுவர்கள் தங்கள் அளவுகோலை அங்கே வைத்துப் பார்த்து, பக்கத்தில் இருப்பவர் எந்த உயரத்தில் நிற்கிறார் என்பதையும் அறிந்துகொள்கிறார்கள். அவைக்கும் கூச்சம் தெளிகிறது.

சாட்ஸ்வர்த்தில் ஓர் அரங்கில் நடந்ததைச் சொல்கிறேன். வரவேற்புரையும் வாழ்த்துரைகளும் நீண்டுவிட்டதால், நேரமில்லை என்று சொல்லி முன்னோட்டக் கவிஞரை நீக்கினார்கள். அதன் பிறகு, நம் விழாக்களில் வழக்கமாகச் செய்வதுபோல, பிள்ளைகள் காத்திருந்து களைத்துவிடுவார்கள் என்ற கரிசனத்தில் வயது வரிசைப்படி அழைத்தார்கள். முதலில் ஏறியவள் ஒரு பள்ளி மாணவி. ஆங்கில எழுத்தில் அச்சிட்ட தேவாரப் புத்தகத்தைப் பார்த்துப் பாடும் தன் ஆயாவைப் பற்றிய கவிதை அது; பாடத் தெரிந்த மொழியைப் படிக்கத் தெரியாமல் போன ஒரு தலைமுறையின் வலியை, அழுகையோ ஆவேசமோ இல்லாமல் அவள் சொன்னாள். அவை இன்னும் நாற்காலிகளை நகர்த்திக்கொண்டிருந்தது. நடுவர்கள் 7.0, 7.2, 7.3, 7.5, 7.8 என்று உயர்த்தினார்கள், மொத்தம் 22.0. கடைசியாக ஏறிய பெரியவர், எல்லா மேடைக்கும் பொருந்தக்கூடிய தமிழ்ப் பெருமைக் கவிதை ஒன்றைச் சொன்னார், 27.5 பெற்றார். இரண்டாம் சுற்றுக்குச் செல்லும் வாய்ப்பை அந்தப் பெண் ஒரு மதிப்பெண்ணுக்கும் குறைவான வேறுபாட்டில் இழந்தாள். விதிப்படி தாளில் ஒரு பிழையும் இல்லை என்பதால் எவரும் முறையிடவும் முடியவில்லை. அவளுடைய அம்மா என்னிடம் வந்து, எங்கே குறை இருந்தது என்று சொன்னால் அடுத்த முறை திருத்திக்கொள்வாள் என்று கேட்டார். கவிதையில் குறை இல்லை, அழைத்த வரிசையில்தான் குறை என்று சொன்னேன். அவர் அதை ஆறுதல் வார்த்தை என்றே எடுத்துக்கொண்டார்.

அமைப்பாளர்களிடம் பேசியபோது, பிள்ளைகளை முதலில் விடுவது நல்லெண்ணத்தில் செய்தது என்றார்கள். நல்லெண்ணம்தான், நான் மறுக்கவில்லை. ஒப்பித்தல் போட்டியில் வயதுக்கேற்ற பிரிவுகள் இருப்பதால் அந்த வழக்கம் தீங்கு செய்வதில்லை. எல்லா வயதினரும் ஒரே பட்டியலில் நிற்கும் ஸ்லாமில் அதே வழக்கம், சிறியவர்களிடமிருந்து மதிப்பெண்ணைப் பறித்துப் பெரியவர்களுக்குக் கொடுக்கிறது.

செய்ய வேண்டியது இதுதான். வரிசையைச் சீட்டுக் குலுக்கி, எல்லோர் கண் முன்னும் தீர்மானியுங்கள். இரண்டாம் சுற்றில் அந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள். முதலில் நின்றவர் கடைசியில் நிற்கட்டும். நீண்ட இடைவேளை விட்டால், அதன் பிறகும் ஒரு முன்னோட்டக் கவிதை வைப்பது நல்லது. நேரம் போதவில்லை என்றால் வாழ்த்துரைகளைக் குறையுங்கள்; முன்னோட்டக் கவிதைக்கு வேண்டியது மூன்று நிமிடமே. இத்தனையும் செய்தாலும் மதிப்பெண் ஏற்றம் முற்றிலும் மறைந்துவிடாது. ஆனால் அது யாரைத் தாக்கும் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கும். அமைப்பாளரின் பழக்கம் தீர்மானிக்காது.

முன்னோட்டக் கவிஞராக யாரை நிறுத்துவது என்பதிலும் கவனம் வேண்டும். அன்றைய சிறப்பு விருந்தினரான பெரும் கவிஞரை நிறுத்தினால், நடுவர்கள் 9.8-ஐ அங்கேயே செலவழித்துவிடுவார்கள். பிறகு வருகிற அனைவரும் எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையே நெருக்கியடித்து நிற்க நேரும். முதன்முதலாக மேடை ஏறும் ஒருவரை நிறுத்தினால் அளவுகோல் கீழே இறங்கி, ஏற்றம் இன்னும் மோசமாகும். அனுபவமுள்ள, திருத்தமாகச் சொல்லக்கூடிய, பரிசுக்கு ஆசைப்படாத ஒருவரே இதற்கு ஏற்றவர்.

விளித்தலில் கரையும் மூன்று நிமிடம்

ஒருவருக்கு மூன்று நிமிடம். அதற்கு மேல் பத்து வினாடி சலுகை. அதையும் தாண்டினால் ஒவ்வொரு பத்து வினாடிக்கும் அரை மதிப்பெண் கழியும். 3 நிமிடம் 24 வினாடி எடுத்தவருக்கு ஒரு முழு மதிப்பெண் போய்விடும். அவையோடு பேசத் தொடங்கிய கணத்திலிருந்தே கடிகாரம் ஓடுகிறது என்பதைப் போட்டியாளர்களுக்கு முன்கூட்டியே எழுத்தில் கொடுங்கள். அவைத் தலைவர், ஆன்றோர், சான்றோர், தாய்மார்கள் என்று வரிசையாக விளித்து வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் அரை நிமிடத்தை இழந்தவர்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நேரக் கழிவை நடுவர்கள் கருத்தில் கொள்ளக்கூடாது. அவர்கள் கேட்டதற்கு மதிப்பெண் கொடுக்கட்டும். கழிப்பது மதிப்பெண் குறிப்பவரின் வேலை. கவிதை முடிந்தவுடனே தொகுப்பாளர், இவர் நேரத்தைத் தாண்டிவிட்டார் என்று அறிவித்தால், நடுவர்களும் தங்கள் பங்குக்குக் குறைத்து, ஒரே குற்றத்துக்கு இரண்டு தண்டனை ஆகிவிடுகிறது.

தொகுப்பாளர் தலைமைக் கவிஞர் அல்லர்

எண்கள் உயரும் முன் ஒரு பாராட்டுச் சொல்லும் வேண்டாம்.

பறை, உடுக்கை, குத்துவிளக்கு

எதுவும் கூடாது. இசைக்கருவி, கையில் ஏந்தும் பொருள், வேடம் மூன்றுக்கும் இடமில்லை. குரலால் பாடலாம்.

பிறர் கவிதை

சொந்தக் கவிதை மட்டுமே. பாரதியின் ஓர் அடியை எடுத்துத் தன் கவிதைக்குள் பதில் சொல்வது வேறு. பாரதியையே ஒப்பிப்பது வேறு. பின்னதற்கு ஐஸ்டெட்ஃபோட் இருக்கிறது.

சமநிலை வந்த பிறகு விதியைத் தேடுவது

நீக்கிய எண்களையும் சேர்த்துக் கூட்டுவதா, இருவரையும் மீண்டும் ஏற்றுவதா என்பதைப் போட்டிக்கு முன்பே அறிவித்துவிடுங்கள். முதல் இரண்டு பெயர்கள் தெரிந்த பிறகு எடுக்கும் எந்த முடிவும் ஒருவருக்குச் சாய்ந்ததாகவே தோன்றும்.

தமிழ் அறியாத நடுவரிடம் தமிழ்க் கவிதையைத் தனியே விடுவது

டர்பனில் ஒரே மேடையில் ஆங்கிலம், இசிசூலு என்னும் சூலு மொழி, தமிழ் மூன்றும் ஒலிப்பது மகிழ்ச்சியான காட்சி. மன்னரையும் மக்களையும் போற்றிப் பாடும் சூலு இம்பொங்கிகளின் மரபில் வளர்ந்தவர்கள், புரியாத மொழியின் ஓசைக்கும் குரல் கொடுத்து ஊக்குவிப்பார்கள். ஆனாலும் ஐந்து நடுவர்களில் நால்வருக்குத் தமிழ் தெரியாதபோது, அவர்கள் மதிப்பிடுவது குரலையும் கையசைவையும் மட்டுமே. நம் வீட்டுப் பிள்ளைகளிலேயே பலருக்கு ஆங்கிலம்தான் முதல் மொழி என்பதால், தமிழர்கள் நிறைந்த அவையில்கூட இந்தச் சிக்கல் உண்டு. இதன் விளைவாக, நுட்பமாக எழுதுகிறவர்கள் தமிழைக் கைவிட்டு ஆங்கிலத்துக்குப் போகிறார்கள். தமிழில் நிற்பவர்கள் உரத்துக் கத்தப் பழகுகிறார்கள்.

கவிதை முடிந்ததும் தொகுப்பாளர் பொருள் சொல்லிவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வதுண்டு. அதில் தொகுப்பாளரின் திறமையும் மதிப்பெண்ணில் கலந்துவிடுகிறது. பல மொழிக் கவிஞர்கள் கூடும் ஐரோப்பியப் போட்டிகளில் செய்வதுபோல, மொழிபெயர்ப்பைப் பின்னாலுள்ள திரையில் வரி வரியாக ஓடவிடுவதே நேர்மையான வழி. மொழிபெயர்ப்பைக் கவிஞரே தர வேண்டும், குறைந்தது ஒரு வாரத்துக்கு முன்பாக. திரையில் படம் காட்டும் கருவியை இயக்கத் தெரிந்த ஏதோ ஒரு பையனிடம் அந்த வேலையை ஒப்படைத்தால், கவிஞர் ஐந்தாம் வரியைச் சொல்லும்போது திரையில் மூன்றாம் வரி நிற்கும். சிரிக்க வேண்டிய இடத்தில் அமைதியும், அமைதியான இடத்தில் சிரிப்புமாக அவை குழம்பும், நடுவர்களும் குழம்புவார்கள். திரையை நகர்த்துபவர் தமிழ் அறிந்தவராகவும், ஒத்திகையில் அந்தக் கவிதையை ஒருமுறையாவது முழுமையாகக் கேட்டவராகவும் இருக்க வேண்டும்.