டிஷ்வாஷரில் பாத்திரம் அடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாம்பார்க் கிண்ணத்தில் பருப்பு ஒட்டியபடியே வெளியே வருகிறதா? இயந்திரத்தைக் குறை சொல்லுமுன் கீழ்த்தட்டை இழுத்துப் பாருங்கள். பெரும்பாலும் நடுவில் ஒரு பெரிய குண்டான் கவிழ்ந்திருக்கும். கீழ்த்தட்டுக்குத் தண்ணீர் அதன் அடியில் சுழலும் கையின் (கை போல நீண்ட குழாயின்) துளைகளிலிருந்துதான் மேல்நோக்கிப் பீய்ச்சியடிக்கிறது. நடுவிலேயே அதை மறித்துவிட்டால் மற்ற பாத்திரங்களுக்கு என்ன போய்ச் சேரும்? குண்டானை ஓரமாக, வாய் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும்படி வையுங்கள். அடுக்கி முடித்ததும் சுழலும் கையை விரலால் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். ஒரு கரண்டிக் காம்பு இடித்தாலும் அது நின்றுவிடும். பிறகு எத்தனை மணி நேரம் ஓடினாலும் பயனில்லை.

எவர்சில்வர் டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகும் பழக்கம் அலமாரிக்குச் சரி, இங்கே கூடாது. டவராவைச் சற்றுச் சாய்த்துக் கவிழ்க்க வேண்டும்; இல்லையென்றால் அடிப்பள்ளத்தில் அழுக்குத் தண்ணீர் தேங்கும்.

முன்கூட்டியே தேய்த்துக் கழுவி வைப்பது வீண் வேலை. டிஷ்வாஷர் சோப்பில் உள்ள நொதிகள் மாவுச்சத்தையும் புரதத்தையும் உடைக்கத்தான் இருக்கின்றன. மீன் முள், கறிவேப்பிலை, முருங்கைக்காய்ச் சக்கை ஆகியவற்றை வழித்துப் போட்டால் போதும். அவை வடிகட்டியில் சேர்ந்தால்தான் கவிச்சி வாடை வருகிறது. வாரம் ஒருமுறை வடிகட்டியைக் கழற்றிக் கழுவுங்கள்.

புதுச்சேரியிலும் கடலூரிலும் போர் தண்ணீரை நம்பியிருக்கும் வீடுகளில் கண்ணாடி டம்ளரில் வெள்ளைப் படலம் படிவது பழகிய தொல்லை. கடினநீரின் வேலை அது. அதற்குத்தான் இயந்திரத்தின் அடியில் உப்புத் தொட்டி இருக்கிறது. மரக்காணம் உப்பளம் பக்கத்திலேயே இருக்கிறதே என்று கல் உப்பைக் கொட்டிவிடாதீர்கள். சுத்திகரிக்காத கடலுப்பில் கால்சியமும் மக்னீசியமும் உண்டு. தண்ணீரிலிருந்து நீக்க நினைப்பதும் அவற்றைத்தான். சமையல் தூள் உப்பும் வேண்டாம், அதில் அயோடினும் கட்டி பிடிக்காமலிருக்கச் சேர்க்கும் பொருளும் இருக்கின்றன. டிஷ்வாஷருக்கென்றே விற்கும் உப்பை வாங்கி, உங்கள் தண்ணீரின் கடினத்துக்கு ஏற்ப இயந்திரத்தில் அளவைத் திருத்தி வையுங்கள்.

சில பாத்திரங்களை உள்ளே வைக்கவே கூடாது. அலுமினியம் காரச் சோப்பில் கறுத்துவிடும், இரும்புத் தோசைக்கல் துருவேறும், மர மத்து வெடிக்கும். மீன் குழம்பு வைக்கும் மண்சட்டியோ சோப்பை உறிஞ்சிக்கொண்டு அடுத்த குழம்பில் கக்கும். அதை வெந்நீரும் தேங்காய் நாரும் கொண்டு கையால்தான் தேய்க்க வேண்டும்.